ஒரு கடிதம் கொடுங்க சார்

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலில் மக்காச்சோளக் காட்டைப் பார்த்துவிட்டு வந்து விரிவாக்க மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நல்ல விவசாயி. முருங்கை மூணு ஏக்கர், நிழல்வலைக் குடிலில் தக்காளி, மிளகாய் நாற்று விட்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கொடுக்கிறவர்.

"சார், ஒரே ஒரு லெட்டர் வேணும். அமெரிக்காவுல இருந்து வந்த பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது. உள்ள கொஞ்சம் தக்காளி விதை இருக்குங்க. ஆராய்ச்சிக்கு வாங்குனதுன்னு ஒரு வேளாண்மை அதிகாரி எழுதிக் குடுத்தா விட்டுருவாங்கன்னு கூரியர் ஆபீஸ்ல சொல்றாங்க."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தக்காளி தோட்டக்கலைத் துறையின் பயிர். நான் வேளாண்மைத் துறை. ஆனால் ஊரில் யாருக்கும் அந்தப் பாகப்பிரிவினை கிடையாது. அரசாங்க ஜீப்பில் வருகிற எல்லோரும் ஒரே ஆள்தான். அப்புறம் அவர் சொன்ன அடுத்த வரியில் சிரிப்பு நின்றுபோனது.

"நீங்க குரூப்ல போட்டீங்கள்ல சார், ஊதாக் கலர் தக்காளி, அந்த வகைதாங்க."

ஆமாம், அந்தப் படத்தை எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். வெளிநாட்டில் இப்படியெல்லாம் விளைவிக்கிறார்கள் என்று ஒரு காலை நேர உற்சாகத்தில் போட்டது. கீழே பத்துப் பேர் கைகூப்பினார்கள். இந்தத் தம்பி மட்டும் விதையைத் தேடிப் போயிருக்கிறார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இப்போது ஊருக்கு நாலு பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் சின்ன விதைக் கடைகள் பலவும் இந்தியாவுக்கு அனுப்புவதில்லை. நம்மவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பார்சலை வாங்கி நமக்கு மறு அனுப்பல் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. பதிவு செய்தால் உங்கள் பெயரில் ஓர் அமெரிக்க முகவரியும் ஓர் எண்ணும் தருவார்கள். பெரும்பாலும் ஓரிகன், டெலவேர் போன்ற மாநிலங்களில் கிடங்கு வைத்திருப்பார்கள். அங்கே மாநில விற்பனை வரி கிடையாது என்பதால். கடைக்காரர் அந்த முகவரிக்கு அனுப்புவார். கிடங்கில் பிரித்து, நாலைந்து பொட்டலங்களை ஒன்றாகக் கட்டி, நமக்கு விமானத்தில் அனுப்புவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாதவனுக்கு ஒரு வாடகைச் சித்தப்பா கிடைத்த மாதிரி.

தம்பி வைகாசியில் முதல் தடவை ஐந்து பாக்கெட் விதை மட்டும் வாங்கினார். பாக்கெட் நாலு டாலர். எந்தச் சிக்கலும் இல்லாமல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது முறை முருங்கைக் கவாத்துக்கு என்று பேட்டரியில் ஓடும் வெட்டுக்கத்தரி ஒன்றும், கூடவே இன்னும் நாலு பாக்கெட் விதையும் வாங்கினார். கத்தரி 110 டாலர்.

சிக்கல் எடை போடும்போதே தொடங்கியது. எல்லாம் சேர்த்து மூன்று கிலோ கூட இல்லை. ஆனால் விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். வருகிற எண்ணும் தராசு எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. கத்தரியின் பிளாஸ்டிக் பெட்டியையும் விதையையும் 45, 35, 20 அளவுள்ள அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 31,500, வகுத்தால் 6.3. அதை ஆறரை கிலோவாக்கிவிட்டார்கள். மூன்று கிலோவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தவர் இரண்டு மடங்குக்கு மேல் கட்டினார். பருத்தி மூட்டையை லாரியில் ஏற்றிய நம் ஆட்களுக்கு இந்தக் கணக்குப் புரியும். கனம் இல்லாவிட்டாலும் இடத்தை அடைக்கும் அல்லவா?

அடுத்தது பேட்டரி. லித்தியம் பேட்டரி விமானச் சரக்கில் ஆபத்தான பொருள் வகையைச் சேர்ந்தது. தீப்பிடிக்கும் என்பதால் தனி விதிகள் உண்டு. நாங்கள் அனுப்ப மாட்டோம் என்று கிடங்கில் பேட்டரியைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார்கள். பேட்டரி இல்லாத கத்தரியும் சார்ஜரும் மட்டும் கிளம்பின. சார்ஜரும் அமெரிக்க மின்சாரத்துக்கானது. அங்கே 120 வோல்ட், நமக்கு 230. வாங்கும்முன் சார்ஜரின் மேல் எழுதியிருப்பதைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், "ஓரிகன் முகவரிக்குச் சரியாகச் சேர்த்துவிட்டோம்" என்கிறார். அது அவர் பக்கம் நியாயம்தான். அவரைப் பொறுத்தவரை வாங்கியவர் அந்தக் கிடங்கில்தான் குடியிருக்கிறார். பிரித்துக் கட்டியதில் உடைந்தாலும், தாமதமானாலும், பேட்டரியை எடுத்து வைத்தாலும் கடைக்குச் சம்பந்தமில்லை. மறு அனுப்பல் நிறுவனத்தைக் கேட்டால், "எங்கள் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று பதிவின்போது அழுத்தியிருக்கிறீர்கள்" என்று பதில். நிபந்தனைகள் முப்பது பக்கம். தம்பி என்னிடம் காட்டினார்; நானும் முழுதாகப் படிக்கவில்லை.

சுங்கத்தில் நின்ற காரணம் இதைவிட மோசம். பெட்டியின் மேல் நிறுவனத்தார் "அன்பளிப்பு, தோட்டக் கருவி" என்று எழுதி, விலையையும் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு உதவி செய்வதாக நினைப்பு. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பு என்று வந்தால் 5,000 ரூபாய் வரை வரியில்லை என்ற பழைய சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர. பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே காகித உறையில் விதை.

தம்பி போனில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வைகாசியில வந்த அஞ்சு பாக்கெட்டு என்னாச்சு?"

"நாத்து விட்டாச்சு சார். ஜோரா வந்திருக்கு. நீங்க வந்து பாக்கணும்."

அன்று சாயங்காலமே போனேன். போகிற வழியில் தோட்டக்கலை அலுவலரையும் அழைத்துக்கொண்டேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர். விஷயத்தைக் கேட்டதும் வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளிநாட்டு விதை நம் நாட்டுக்குள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு வாசல் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் தாவரக் குவாரன்டைன் ஆணைப்படி, விதைப்பதற்கான விதை வரவேண்டுமானால் முன்கூட்டியே இங்கே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். புறப்படும் நாட்டின் அரசு அதிகாரி சோதித்துத் தாவர நலச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இங்கே வந்திறங்கியதும் குவாரன்டைன் நிலையத்தில் பார்ப்பார்கள். ஆராய்ச்சிக்கு என்றால் டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகம் மூலமாக வரும். இதில் ஓர் ஒன்றிய வேளாண்மை அலுவலரின் கடிதத்துக்கு எங்கும் இடமில்லை. நான் எழுதிக் கொடுத்தால் அது பொய்க் கடிதம், அவ்வளவுதான்.

இது வெறும் காகித வேலை என்று நினைக்கிறவர்கள் கோவை, ஈரோடு பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய பப்பாளி விவசாயி யாரையாவது கேட்டுப் பாருங்கள். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தெரிந்தது. நம் நாட்டுப் பூச்சி இல்லை. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று ஏறியது. வெள்ளை மாவு அப்பிய பப்பாளித் தோப்பை வேரோடு வெட்டிச் சாய்த்த ஒருவர் வரப்பில் உட்கார்ந்து பேசாமல் இருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். என்ன மருந்து அடிக்க என்று கேட்டார். நான் சொன்ன மருந்து எதுவும் கேட்கவில்லை. 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. 2018-இல் கர்நாடகத்தில் தொடங்கி இங்கே வந்த மக்காச்சோளப் படைப்புழு. 2020-இல் கேரளத்தில் தெரிந்து, பிறகு சேலம், நாமக்கல் மரவள்ளியில் புகுந்த இன்னொரு மாவுப்பூச்சி. இவை ஒவ்வொன்றும் எந்த வழியாக வந்தன என்பது வேறு கேள்வி. எதுவும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் வெளிநாட்டிலிருந்து வந்த பார்சல்தான். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். அனுமதி வாங்கி, பூட்டிய அறையில் வளர்த்து, வேறு நல்ல பூச்சிக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்து, பிறகுதான் தோட்டங்களில் விட்டார்கள். மரவள்ளிக்கும் அப்படியே, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவியை 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். அவர்களுக்கும் அவசரம் இருந்தது. ஊரே அழுதுகொண்டிருந்தது. இருந்தாலும் வாசல் வழியாகத்தான் வந்தார்கள்.

தம்பியின் குடிலுக்குள் போனோம். வெளிநாட்டு நாற்று 98 குழித்தட்டு ஒன்றில் நிறைந்து நின்றது. பார்க்க அழகாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தண்டில் ஊதா நிறம் ஏறியிருந்தது. ஆனால் அதே மேடையில் உரசிக்கொண்டு அவர் விற்பனைக்கு வைத்திருந்த தக்காளி நாற்று நாற்பது தட்டு. ஏறக்குறைய நாலாயிரம் நாற்று. அடுத்த வாரம் எடுத்துப்போக மூன்று ஊர்களில் ஆட்கள் முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

தோட்டக்கலை அலுவலர் இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நோய்க்குறி எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். தக்காளியில் பழுப்புச் சொரசொரப்புக் கனி வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. 2014-இல் இஸ்ரேலில் முதலில் கவனித்தார்கள். பிறகு ஐரோப்பா, மெக்சிகோ, அமெரிக்கா என்று பல நாடுகளுக்குப் போய்விட்டது. விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் பூச்சி கூடத் தேவையில்லை. நாற்றைத் தொட்ட கை அடுத்த நாற்றைத் தொட்டால் போதும். கத்தி, கட்டும் கயிறு, கூடை எல்லாவற்றிலும் உட்காரும். மிளகாய்க்கும் வரும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. நாற்றாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாமல் இருந்து, காய்க்கும்போது பழத்தில் தழும்பாக வெளிப்படலாம்.

"இருக்குதுன்னு சொல்றீங்களா சார்?" என்றார் தம்பி.

"தெரியலை தம்பி. இல்லைன்னு சொல்லவும் முடியலை. அந்தச் சான்றிதழ் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"அதுக்காக நாப்பது தட்டையும் அழிக்கச் சொல்றீங்களே. நாத்து ஒரு ரூபாய்னாலும் நாலாயிரம் ரூபாய். முன்பணம் வாங்கினவங்களுக்கு நான் என்ன சொல்றது? படத்தைப் போட்டது நீங்கதானுங்க."

அவர் சொன்னது சரிதான். நான் பதில் சொல்லவில்லை. தோட்டக்கலை அலுவலர்தான் பேசினார். இந்த நாற்று மூன்று ஊருக்குப் போய், அங்கே ஏதாவது ஆனால், முதலில் உங்கள் குடிலைத்தான் சொல்வார்கள் என்று எடுத்துச் சொன்னார். தம்பி வெளியே போய் நின்றுகொண்டார்.

அவருடைய அம்மா அதுவரை தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ஊதாச் செடியில பன்னெண்டு எடுத்து அவன் சிநேகிதனுக்குக் குடுத்திருக்கான், அதையும் சேத்துச் சொல்லுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, மகன் பக்கம் திரும்பினார். "பப்பாளிய வெட்டுனப்போ நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த. உங்கப்பா எட்டு நாள் சரியாச் சாப்பிடல. எடுடா."

அன்றிரவே நண்பரின் தோட்டத்துக்கு ஆள் போனது. பன்னிரண்டில் பதினொன்று கிடைத்தது. ஒன்றை ஆடு தின்றுவிட்டதாம். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, தரிசு மூலையில் குழி வெட்டி எரித்து மூடினோம். இரண்டு நாற்றை மட்டும் உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப எடுத்துக்கொண்டோம். தட்டுகளையும் மேடையையும் பிளீச்சிங் கரைசலில் கழுவினார்கள். நடந்ததை நாங்கள் இருவரும் எழுத்தில் மேலே தெரிவித்தோம். அதைத் தம்பியிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ சொல்லித் தெரிவதைவிட அது மேல்.

சுங்கத்துக்கு என்ன பதில் எழுதலாம் என்று உட்கார்ந்து பேசினோம். விதைக்கு அனுமதி இல்லை, அதை அழித்துவிடுங்கள், எனக்கு உரிமை கோர விருப்பமில்லை. கத்தரிக்கு மட்டும் உண்மையான விலைப்பட்டியலை வைத்து வரி கட்டுகிறேன் என்று அவரே எழுதினார். கடையின் ரசீது, கார்டில் பணம் போன வங்கிக் கணக்குத் தாள், ஆதார் நகல் மூன்றையும் இணைத்தார். மறு அனுப்பல் நிறுவனம் போட்ட குறைந்த விலை தனக்குத் தெரியாமல் போட்டது என்பதையும் சொன்னார். வரி பொருள் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தாமதத்துக்கான கிடங்கு வாடகை தனி. கத்தரி கைக்கு வந்தபோது, பேட்டரி இல்லாமலே, உள்ளூரில் விற்கிற நல்ல கத்தரி ஒன்றின் விலையைத் தாண்டியிருந்தது.

இந்த இதழின் கேள்வி-பதில் பக்கத்துக்கும் வெளிநாட்டு விதை எங்கே கிடைக்கும் என்ற கேள்வி வந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் கேட்காமலேயே தபாலில் விதை வந்த கதையும் உண்டு. 2020-இல் அமெரிக்கா, கனடா உட்படப் பல நாடுகளில் முன்பின் தெரியாத விதைப் பொட்டலங்கள் வீடு தேடி வந்தன. நம் மத்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அப்படி எது வந்தாலும் பிரிக்காமல், விதைக்காமல், குப்பையிலும் போடாமல் பக்கத்திலுள்ள வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் கொடுங்கள். புதிய வகை வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அர்கா ரக்ஷக் மாதிரி மூன்று நோயைத் தாங்கும் தக்காளி இருக்கிறது. ஊதா நிறம் இல்லை, அவ்வளவுதான். இயந்திரம் வாங்குகிறவர்கள் இங்கே பழுதுபார்க்க ஆளும் உதிரிபாகமும் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். டிரோன் வாங்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். முழுதாகச் செய்த டிரோனைத் தனியார் இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. ஓரிகன் முகவரியில் வாங்கினாலும் தடை தடைதான்.

மூன்று வாரம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. அனுப்பிய நாற்றுகளில் வைரஸ் இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானே தம்பி வீட்டுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை. அவர் இரண்டு தடவை படித்தார்.

"அப்ப எதுக்கு சார் எரிச்சோம்?"

இரண்டு நாற்றில் இல்லை என்பது நூறு நாற்றிலும் இல்லை என்பதாகாது என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று வாரம் முன்பணக்காரர்களைக் காக்க வைத்திருக்க முடியாது என்றும் சொன்னேன். எல்லாம் சரியான பதில்தான். ஆனால் நாலாயிரம் ரூபாய் போன ஆளிடம் சரியான பதில் சொல்வது வேறு, அவர் அதை ஏற்பது வேறு. அவர் தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்று எடுத்தபோது, "வேண்டாமுங்க, நீங்க அந்தப் போன்ல படம் போடுறப்ப மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுப் போடுங்க" என்றார்.

அந்த மாதம் முன்பணம் கொடுத்தவர்களில் இரண்டு பேர் தம்பியிடமே மறுபடி நாற்று வாங்கினார்கள். ஒருவர் வேறு இடம் போய்விட்டார். தைப் பட்டத்துக்குப் புது நாற்று விட்டிருக்கிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. கத்தரி மட்டும் மோட்டார் ரூம் ஆணியில் தொங்குகிறது. அதன் பேட்டரி இன்னும் ஓரிகன் கிடங்கில்தான். நாளொன்றுக்கு இவ்வளவு வாடகை என்று மாதாமாதம் அவருக்கு மெயில் வருகிறது. எடுக்கவும் முடியாது, அனுப்பவும் மாட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அமெரிக்காவில் வாடகைக்குக் குடியிருப்பது இப்போதைக்கு அது ஒன்றுதான்.